ஸ்கிராபிள்: எந்த எழுத்தைப் போடுகிறோம், எதை மிச்சம் வைக்கிறோம்

ஸ்கிராபிள் என்பது பையிலிருந்து எடுத்த ஏழு எழுத்துக் காய்களைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் சொற்களாக அடுக்கிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்; போட்ட காய்க்கு ஈடாகப் பையிலிருந்து புதிய காய் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் அடிக்கடி தோற்பவர்கள் சொல்லும் முதல் காரணம், "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது" என்பது. இந்த நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு பிரெஞ்சு பேச வராது. சொற்பட்டியலைப் படித்துக்கொண்டு போய் வென்றார். அவர் நினைவாற்றல் நமக்கு வராது, சரி. ஆனால் இது மொழிப் புலமையைச் சோதிக்கும் ஆட்டம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

பொழுதுபோக்காக ஆடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, இந்த முறை கிடைக்கும் புள்ளியை மட்டும் பார்ப்பது. கையிருப்பில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதே இல்லை. உங்கள் கையில் ஆர், ஈ, டி (T), ஐ, என், ஏ, ஒய் இருக்கிறது என்று வையுங்கள். பலகையில் 'ரெயின்' (RAIN) என்ற சொல் கிடக்கிறது. 'என்ட்ரி' என்று ஐந்து எழுத்தை, சொல்லின் புள்ளியை இரட்டிப்பாக்கும் கட்டத்தில் படும்படி போட்டால் அந்தச் சொல்லுக்கு மட்டும் 16 புள்ளி; ஆனால் கையில் மிஞ்சுவது ஏ, ஐ மட்டும். அதற்குப் பதிலாக 'ரெயின்' கடைசியில் ஒய்யை ஒட்டி 'ரெயினி' ஆக்கினால் 8 புள்ளிதான். ஆனால் மிஞ்சும் ஆறு எழுத்தும் தங்கம். அடுத்து எஸ் வந்தால் 'ரீடெயின்ஸ்', இன்னொரு டி (D) வந்தால் 'ட்ரெயின்ட்', பி வந்தால் 'பெயின்டர்', சி வந்தால் 'சர்ட்டன்'. பலகையில் இடம் மட்டும் இருந்தால் போதும், ஏழு எழுத்தையும் ஒரே முறையில் இறக்கியதற்கு 50 புள்ளி கூடுதல். சில புள்ளியை விட்டுக்கொடுத்து 50-க்கு வழி செய்வது நல்ல கணக்கு.

எஸ் எழுத்தை வீணடிப்பதும் இதே வகைதான். ஆங்கிலத்தில் அவ்வளவு புழங்கும் எழுத்து, ஆனால் 100 காய்களில் நான்கே நான்கு. பன்மைச் சொல் போட்டே ஜெயித்துவிடக் கூடாது என்று ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் வேண்டுமென்றே குறைத்து வைத்தார். இரண்டு மூன்று புள்ளிக்காக அதைச் செலவழிக்காதீர்கள். எட்டுப் பத்துப் புள்ளியாவது கூடுதலாகக் கிடைத்தால் போடலாம். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக்காய் இரண்டுதான் உண்டு, அதை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, நீளமான அபூர்வச் சொற்களைத் தேடிப் படிப்பது. ஒரு வருடம் ஆடினாலும் அவற்றைப் போட வாய்ப்பு வராமல் போகலாம். இரண்டெழுத்துச் சொற்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேலை செய்யும். நூறு சொச்சம்தான், தினமும் பத்து என்று படித்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அவை தெரிந்தால் ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்கு இணையாக உங்கள் சொல்லை ஒட்டிவைத்து, ஒரே முறையில் மூன்று நான்கு சொற்களுக்குப் புள்ளி வாங்கலாம். க்யூ வந்ததும் யூ வரட்டும் என்று காத்துக்கிடப்பவர்களுக்கு 'சீ' என்ற சீனச் சொல் ஒன்றே போதும்: க்யூ, ஐ, அவ்வளவுதான்.

கையிலுள்ள எழுத்தைப் பையில் போட்டு வேறு எழுத்தாக மாற்றிக்கொள்ளப் பலருக்கு மனசே வராது, ஒரு முறை போய்விடுமே என்று. கையில் மூன்று ஐ, இரண்டு யூ, ஒரு வி இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பையில் குறைந்தது ஏழு காய் இருக்க வேண்டும், அதுதான் விதி. அந்த எழுத்துகளையே வைத்துக்கொண்டு நாலு முறை ஐந்து புள்ளியும் ஆறு புள்ளியுமாக எடுப்பதுதான் உண்மையான நஷ்டம்.

எந்த அகராதி என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். அமெரிக்கா, கனடாவில் ஆடும் சொற்பட்டியல் வேறு, மற்ற பல நாடுகளில் ஆடும் காலின்ஸ் சொற்பட்டியல் வேறு. சி, எச் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் காலின்ஸில் செல்லும், மற்றதில் செல்லாது. நடு ஆட்டத்தில் இதற்குச் சண்டை போட்டால் மாலையே கெட்டுப்போகும்.

கடைசிக் கட்டத்தில் பை காலியானதும் பலகையை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். க்யூவும் இசட்டும் இன்னும் வரவில்லை, உங்களிடமும் இல்லை என்றால் எதிராளியிடம்தான் இருக்கின்றன. அவர் போடக்கூடிய இடத்தை அடைத்துவிடலாம். எதிராளி க்யூவோடு மாட்டிக்கொள்ள நீங்கள் முதலில் காலி செய்தால், அவர் கணக்கில் 10 குறையும், உங்கள் கணக்கில் 10 ஏறும்.