தோலில் மசாலா வேண்டாம்: சியூ யுக் முறையில் மிளகுப் பன்றி ரோஸ்ட்

கன்டோனியச் சமையலில் சியூ யுக் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதியைத் தோலோடு சுட்டெடுக்கும் முறை. அதில் சேரும் ஐந்து மசாலாப் பொடியில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு ஆகியவை இருப்பதால், அந்த இடத்தில் செட்டிநாட்டு மிளகு மசாலாவை வைப்பது ஒன்றும் பெரிய தாவல் அன்று. தவறு நேர்வது நம் கைப்பழக்கத்தால்தான்.

கறி என்றதும் மசாலாவில் முழுவதுமாகப் பிரட்டி ஊற வைத்துவிடுகிறோம். இங்கே அது கூடாது. தோல் நன்கு காய்ந்திருந்தால்தான் அடுப்பின் கடுஞ்சூட்டில் பொரிந்து உப்பும். ஈர மசாலா பட்ட தோல் ரப்பர் போல இழுபடும், அதிலுள்ள பூண்டோ முதலில் கருகிக் கசக்கும். எனவே மசாலாவைச் சதைப் பக்கம் மட்டும் தேய்த்து, தோலைத் துடைத்து உப்புத் தூவி, மூடாமல் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தோலில் கூரான கருவியால் துளையிடும்போதும் அதன் முனை கொழுப்போடு நிற்க வேண்டும். சதைக்குள் இறங்கினால் அந்தத் துளை வழியே சாறு மேலேறி, இரவெல்லாம் காய்ந்த தோலை மீண்டும் நனைத்துவிடும்.

உப்பு இரட்டிப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் உப்பு போதும். மசாலாவில் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ் கலந்தால், ஏறத்தாழ 5 கிராம் உப்பு அதிலேயே வந்துவிடுகிறது என்பதை மறந்து, வழக்கமான அளவையும் போட்டுவிடுகிறோம்.

தொடக்கத்திலேயே ஓவனைக் கடுஞ்சூட்டில் வைப்பவர்களுக்குத் தோல் கருகும், கறியோ சவ்வாகவே இருக்கும். 160 டிகிரி செல்சியசில் ஒன்றேகால் மணி நேரம் சுட்டு, பிறகு 220க்கு உயர்த்தி, தோல் முழுவதும் பொரியும் வரை அருகிலேயே நிற்பது நல்லது. கடைசிச் சில நிமிடங்களில் திரும்பிப் பார்ப்பதற்குள் கருகிவிடும். உள்வெப்பம் 63 டிகிரியைத் தொட்டு மூன்று நிமிடம் கழிந்தாலே உண்ணத் தக்கதுதான் என்றாலும், வயிற்றுப் பகுதியின் சவ்வு இளகி மென்மையாவதற்கு 85 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

வெளியே எடுத்ததும் தாள் போட்டு மூடினால் ஆவியே தோலை நமத்துப்போகச் செய்யும். கால் மணி நேரம் திறந்தே வைத்து, தோல் கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கனமான கத்தியால் வெட்டுங்கள். உடன் குழம்பு பரிமாறினால், தோல் நனையாதிருக்க அதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.