கியர் போடும்போது கர்ர்ரென்று சத்தமா? கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன்

கியர் மாற்றும்போது பற்கள் அரைபடுகிற சத்தம் கேட்டாலே "கியர்பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு, காசை அதிகம் கரைக்கிற தவறும் இதுதான். கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுசாகப் பிரிக்காவிட்டாலும் அச்சு அசலாக இதே சத்தம்தான் வரும். அதனால் எந்த கியரில், எந்த நேரத்தில் சத்தம் வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் அடம்பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மேல்தான். அடுத்து, கார் நின்றபடியே கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியரையும் ஷாஃப்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு) கிடையாது, கிளட்சை மிதித்த பிறகும் உள்ளே ஷாஃப்ட் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டால் நல்ல கியர்பாக்ஸும் கத்தும். பொறுத்துப் போட்டும் அரைத்தால் கிளட்ச் இன்னும் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தபின் கியர் சரியாக விழுகிறதா? அப்படியானால் பெடலின் அழுத்தத்தை ஃப்ளூயிட் வழியாக கிளட்சுக்குக் கொண்டுபோகும் லைனில் காற்று புகுந்திருக்கலாம், ஃப்ளூயிட் குறைந்திருக்கலாம், பெடலை மிதிக்கும்போது ஃப்ளூயிட்டைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசியலாம். கேபிள் வைத்த கார் என்றால் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். என் காரில் ஒருமுறை இரண்டு வாரம் இந்தச் சத்தம் வந்து தூக்கமே போனது. கடைசியில் குனிந்து பார்த்தால் தரை மேட் முன்னால் நகர்ந்து, கிளட்ச் பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தது, பெடல் கடைசி ஒரு விரற்கடை இறங்கவே இல்லை. மேட்டை இழுத்துப் போட்டேன், சத்தம் நின்றது. அதிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, பெடலுக்கு அடியில் பாருங்கள் என்பதுதான்.

ஒரே ஒரு கியரில் மட்டும், அதுவும் ஓடும்போது சத்தம் வந்தால் கதை வேறு. பெரும்பாலும் அந்த கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். கியரும் ஷாஃப்டும் ஒரே வேகத்துக்கு வரும்படி உரசிப் பிடிப்பதுதான் அந்த வளையத்தின் வேலை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது அரைத்தால் இப்படிச் செய்யுங்கள்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவது போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சின்க்ரோதான்.

இந்த இடத்தில்தான் பலர் ஆயிலில் தப்பு செய்கிறார்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று நினைக்கிறார்கள், ஆனால் ஆயில் படலத்தை அறுத்துக்கொண்டு பிடிக்க முடியாமல் வளையம் வழுக்கும், குளிரில் இன்னும் மோசமாகும். ஜிஎல்-4 என்ற தர வகை ஆயில் கேட்கிற கியர்பாக்ஸில், எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றுவதும் அப்படித்தான். அதில் கூடுதலாக இருக்கும் ரசாயனம் சில வகைகளில் பித்தளை வளையத்தையே அரிக்கும். காரோடு வந்த கையேட்டில் உள்ளதை மட்டும் ஊற்றுங்கள்.

இன்னொன்று, ஊளையிடுகிற மாதிரி தொடர்ந்து வரும் சத்தத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கிளட்சை மிதித்தால் வருவது ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்), நியூட்ரலில் மிதிக்காதபோது வந்து, மிதித்தால் நிற்பது பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

தயவுசெய்து லீவரை முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு அரைப்பிலும் பற்களின் முனை மழுங்கும், பிறகு ஓடும்போது கியர் தானாகவே நழுவி வெளியே வரும்.

ஆயில் மாற்றும்போது வடிகிற பழைய ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணம். ஆயிலில் தங்கப்பொடி போல மினுமினுத்தால் அது வளையத்தின் தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புத் துண்டு கிடைத்தால் அதற்குமேல் அந்தக் காரை ஓட்டாதீர்கள், கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.