இடையில் காலி செய்பவரின் முன்பணக் கணக்கைத் தீர்ப்பது எப்படி?

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்யப் போவதாக வாடகைதாரர் சொன்னதும், ‘அப்படியானால் முன்பணம் கிடையாது’ என்று உரிமையாளர் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதில்தான் பல தகராறுகள் தொடங்குகின்றன. முன்பணம் அபராதத் தொகை அல்ல. வாடகை பாக்கிக்கும் சேதத்துக்கும் ஈடாக உரிமையாளரிடம் இருக்கும் வாடகைதாரரின் பணம். ஆகவே பிடித்தம் செய்யும் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ஓர் உண்மையான இழப்பைக் காட்ட முடிய வேண்டும்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். குறைந்தது இத்தனை மாதம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உள்ளதா, முன்னறிவிப்புக்கு எத்தனை நாள், முன்னதாகக் கிளம்பினால் என்ன தர வேண்டும் என்ற மூன்றும் அதில் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஊரின் வாடகைச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல், காலி செய்யும் தேதியை வாடகைதாரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சிக்கல் வருவது முன்னறிவிப்புக் கால வாடகையில்தான். முன்னறிவிப்பு 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். சொன்ன 15-ஆம் நாளே வாடகைதாரர் சாவியைக் கொடுத்துவிட்டார். 41-ஆம் நாள் புதியவர் குடிவந்து அதே வாடகையைத் தரத் தொடங்கினார். இங்கே உரிமையாளர் உண்மையில் இழந்தது 40-ஆம் நாள் வரையிலான வாடகையைத்தான். மீதி 20 நாளுக்கும் பழையவரிடம் பிடித்தால், ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இருவரிடம் வாடகை வாங்கியதாகிவிடும். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு முழுக் காலத்துக்கும் கணக்கு எழுதுவதும் சரியல்ல: வேறு ஆளைத் தேட உரிமையாளர் நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டமாகவே உள்ளது. விளம்பரம் கொடுத்த தேதி, வீட்டைப் பார்க்க வந்தவர்கள் ஆகிய விவரங்களைக் குறித்து வைத்தால், நாளை கேள்வி வரும்போது கைகொடுக்கும்.

அடுத்தது சேதம். காலி செய்யும் நாளில், சாமான்கள் வெளியேறிய பிறகு, பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். கட்டில் உரசிய இடத்தில் சுவர் மங்கியிருப்பது தேய்மானம். கதவுக் கீல் பிய்ந்து தொங்குவது சேதம். சேதத்துக்கும் புதுப்பொருளின் முழு விலையைக் கேட்பது முறையாகாது. ஐந்து ஆண்டு தாங்கும் வண்ணப்பூச்சு மூன்றாம் ஆண்டு முடிவில் பாழாகியிருந்தால், வாடகைதாரர் பங்கு செலவில் ஐந்தில் இரண்டுதான். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் இந்த வாதம் எதுவும் நிற்காது என்பதை, சற்றுத் தாமதமாகத்தான் பலர் உணர்கிறார்கள்.

மின்சாரம், தண்ணீர் மீட்டர்களின் அளவை அன்றே படமெடுத்து, சாவிகளை எண்ணி வாங்கி, வீட்டை ஒப்படைத்த தேதியை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அந்தத் தேதிக்கு முன் பூட்டை மாற்ற வேண்டாம். பிறகு பெற்ற முன்பணம், ஒவ்வொரு பிடித்தம், அதற்கான ரசீது, திருப்பித் தரும் மீதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, மீதியை வங்கி வழியாக அனுப்புங்கள். கடைசி மின் கட்டணம் வரவில்லை என்பதற்காக மொத்தப் பணத்தையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. அதற்கு மட்டும் ஒரு தொகையை ஒதுக்கிக்கொண்டு மற்றதை விடுவிக்கலாம்.

‘கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று வாடகைதாரர் கேட்டால், வீட்டைப் பார்க்கும் முன் ஒப்புக்கொள்ள வேண்டாம். கழித்த பிறகு சேதம் தெரியவந்தால் ஈடுகட்டக் கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஒரே ஒப்பந்தத்தில் பலர் சேர்ந்து குடியிருந்து ஒருவர் மட்டும் கிளம்பினால், அவருடைய பங்கை எடுத்துக் கொடுப்பதற்கு முன் மற்றவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை வாங்குங்கள்.