மேனுவல் ஃபோகஸ்: வளையத்தைத் தொடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பினாங்கு குயின் ஸ்திரீட்டில், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு நாலு கடை தள்ளி மாலை கட்டும் அக்கா ஒருவரிடம் ஒரு சனிக்கிழமை காலை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கையில் பழைய 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4; ஃபோகஸை வளையம் திருகிக் கையால்தான் பிடிக்க வேண்டும். அவருடைய விரல் நாரை இழுத்து முடிச்சுப் போடும் அந்த ஒரு நொடிதான் எனக்கு வேண்டும். முன்னே திருகினேன், பின்னே திருகினேன், மறுபடி முன்னே. அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, தண்ணிக் குழா மாதிரி திருகிக்கிட்டே இருக்கீங்க? நான் ரெண்டு மாலை கட்டி முடிச்சிட்டேன்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பது படத்தில் உருப்படியாக இருந்தவை ஆறு. மிச்சத்தை அழிக்காமல் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, எங்கே தப்பியது என்று பார்த்தேன். வளையத்தைத் தவறாகத் திருகியதால் கெட்டவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தன. அன்றைக்கு நான் செய்த தவறுகளும், அதற்குப் பிறகு நண்பர்கள் செய்யப் பார்த்த தவறுகளும்தான் இங்கே இருக்கின்றன.

முதலில் சின்னது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறதே, டயாப்டர், அது பையில் உரசி உரசித் தானாகவே நகர்ந்துவிடும். அது நகர்ந்திருந்தால் திரையே மங்கல்; எது கூர்மை என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? காட்சியைப் பார்த்துக்கொண்டு அதைச் சரிசெய்யக் கூடாது. உள்ளே தெரியும் ஷட்டர் எண்களைப் பார்த்து, அவை பளிச்சென்று தெரியும்வரை சுழற்ற வேண்டும். பத்து வினாடி வேலை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஏர்கான் காரிலிருந்து இறங்கி நேராகக் கேமராவைத் தூக்கினால், குளிர்ந்த கண்ணாடியில் பினாங்கின் ஈரக்காற்று உடனே பனியாகப் படியும். வியூஃபைண்டரில் எல்லாமே லேசாக உருகினாற்போல் இருக்கும், நாம் ஃபோகஸ் சரியில்லை என்று நினைத்து வளையத்தோடு மல்லுக்கட்டுவோம். துடைத்தாலும் மறுபடி படியும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பையை மூடியபடி ஏர்கான் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வந்து எடுங்கள்.

எஃப் 1.4 என்ற ஆசை

காசு கொடுத்து 1.4 வாங்கினோம், 1.4-லேயே எடுக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம், அதாவது அபர்ச்சர், பெரிதாகும்; கூர்மையாக விழும் ஆழம் குறையும். கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம், எஃப் 1.4. கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். அக்காவின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் உள்ள தூரம் அதைவிட அதிகம். எஃப் 4-க்குப் போனால் அதே இடத்தில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கிடைக்கும். விரல்கள், முடிச்சு, பக்கத்து மல்லிகை எல்லாம் அதற்குள் அடங்கும். பின்னால் தொங்கும் மாலைகள் அப்போதும் அழகாக மங்கித்தான் இருக்கும்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஒரு கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் கேமரா) வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு கண்கட்டு வித்தையும் சேர்ந்துகொள்கிறது. இன்றைய டிஎஸ்எல்ஆர்களின் ஃபோகஸ் திரை, வெளிச்சமாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. 1.4 லென்ஸைப் போட்டாலும் அதில் நாம் பார்ப்பது ஏறக்குறைய எஃப் 2.8 அளவு ஆழம்தான். கண்ணில் கூர்மையாகத் தெரியும், படத்தில் இருக்காது. பழைய ஃபிலிம் கேமராக்களில் நடுவே ஒரு வட்டம் இருக்கும். கோடு இரண்டாக உடைந்து நிற்கும், சரியான இடத்தில் ஒன்றுசேரும். அது நமக்கு இல்லை. ஆகவே டிஎஸ்எல்ஆரில் நிதானமான படம் என்றால் லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பெரிதாக்கிப் பார்ப்பதுதான் வழி.

மிரர்லெஸ்ஸில் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமராவில்) பழைய லென்ஸை அடாப்டரோடு (லென்ஸைப் பொருத்தும் இடைவளையத்தோடு) போட்டவர்கள் எஃப் 8-இல் வைத்துக்கொண்டே ஃபோகஸ் செய்வார்கள். அப்போது எல்லாமே ஓரளவு கூர்மையாகத் தெரியும். நடு எங்கே என்று பிடிபடாது. அபர்ச்சரை முழுசாகத் திறந்து, ஃபோகஸ் பிடித்து, பிறகு மூடுவதே பொதுவான வழக்கம். ஆனால் சில வேகமான (துவாரம் பெரிதாகத் திறக்கும்) லென்ஸ்களில், மூடும்போது கூர்மை விழும் இடமே சற்று நகர்ந்துவிடும். உங்கள் லென்ஸ் அந்த ரகமா என்று அறிய ஒரு தையல் டேப்பை மேசையில் சாய்வாக விரித்து, ஓர் எண்ணில் ஃபோகஸ் வைத்து, 1.4, 2, 2.8, 4 என்று நாலு படம் எடுங்கள். கூர்மையான எண் மாறிக்கொண்டே போனால், அந்த லென்ஸில் எந்த அபர்ச்சரில் எடுக்கிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் பிடியுங்கள்.

சிவப்பில் சிவப்பைத் தேடினால்

கூர்மையான விளிம்பைத் திரையில் நிறத்தால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வந்தபிறகு, விளிம்பில் நிறம் மின்னினால் போதும், படம் கூர்மை என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பீக்கிங் பார்ப்பது தூரத்தை அல்ல, வெளிச்சமும் நிழலும் வெட்டிக்கொள்ளும் விளிம்பைத்தான். சரிகைக் கரை, வெள்ளைச் சட்டையின் காலர் போன்றவை கொஞ்சம் ஃபோகஸ் தப்பினாலும் மின்னும். மிருதுவான கன்னம் சரியான இடத்தில் இருந்தாலும் மின்னாது. உணர்திறனைக் குறைவில் வையுங்கள்.

நிறமும் முக்கியம். பலருடைய கேமராவில் பீக்கிங் சிவப்பில் இருக்கும். பினாங்கின் லிட்டில் இந்தியாவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குங்குமம், பட்டு, ரோஜா மாலை, கடை வாசல் பலகை, எல்லாமே சிவப்பு. நான் நீலத்துக்கு மாற்றினேன். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனையிலும் குறைந்த உழைப்புக்கு நிறைந்த பலன் தந்தது இதுதான். பீக்கிங்கை வைத்து ஏறக்குறைய இடத்தைப் பிடித்து, கடைசியில் பெரிதாக்கிப் பார்த்து முடிப்பது பாதுகாப்பு.

பெரிதாக்கிக் காட்டும் சதுரக் கட்டத்தைத் திரையின் நடுவிலேயே வைத்திருப்பது அடுத்த தவறு. முகத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் பிடிப்போம், அப்புறம் அழகுக்காகக் கேமராவை ஓரமாகத் திருப்புவோம். ஒரு மீட்டர் தூரத்தில் 15 டிகிரி திருப்பினாலே கூர்மைத் தளம் முகத்துக்கு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. மேலே சொன்ன மொத்த ஆழம் எவ்வளவு என்று நினைவிருக்கிறதா? காதுமடல் துல்லியமாகவும் கண் மங்கலாகவும் வரும் படங்களில் பாதி இப்படி வந்தவைதான். கட்டத்தை முதலிலேயே கண் இருக்கப்போகும் மூலைக்கு நகர்த்திவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டு கண்ணில் நமக்கு அருகில் இருப்பது எதுவோ அது.

குழாய்த் திருகல்

சரி, வளையத்துக்கு வருவோம். அக்கா சொன்ன குழாய்த் திருகல் ஏன் நடக்கிறது? கூர்மை வந்த இடத்தில் நிறுத்தப் பார்க்கிறோம். ஆனால் வந்துவிட்டதா என்பது, கடந்துபோனால்தான் கண்ணுக்குத் தெரியும். எனவே ஒருமுறை துணிந்து கடந்துபோங்கள், மங்கத் தொடங்கியதும் பாதி தூரம் திரும்பி வாருங்கள், நிறுத்துங்கள். ஒரு போக்கு, ஒரு வரவு. அதற்குமேல் திருகினால் கண் குழம்பும், கணம் போய்விடும்.

படம் எடுத்ததும் வளையத்தை எப்போதும் ஒரே கோடிக்குக் கொண்டுவந்துவிடுவேன், முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு). அடுத்த படத்துக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்கவே வேண்டாம், ஒரே திசைதான். இது கைக்குப் பழக நாலைந்து நாள் ஆகும். ஒரு சிக்கல்: நிக்கான் லென்ஸும் கேனன் லென்ஸும் எதிரெதிர்த் திசையில் திரும்புபவை. இரண்டையும் கலந்து வைத்திருப்பவர் கை குழம்பத்தான் செய்யும். பழகும் காலத்திலாவது ஒன்றோடு வெளியே போங்கள்.

புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் வளையம் கண்ணாடியை நேரடியாக நகர்த்துவதில்லை, உள்ளே இருக்கும் மோட்டாருக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. வேகமாகத் திருப்பினால் நிறைய ஓடும், மெதுவாகத் திருப்பினால் கொஞ்சமாக நகரும். கைப்பழக்கம் வரவே வராது. மெனுவில் இதை நேர்கோட்டு முறைக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒரு மீட்டருக்கும் கிட்டே போய்விட்டால் வளையத்தை மறந்துவிடலாம். நின்றுகொண்டு எடுக்கும்போது நம் உடம்பே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின் ஆடுகிறது. எஃப் 1.4-இல் ஆழமே மூன்றரைக்கும் குறைவு. தோராயமாக வைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தபடி மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஒன்று சிக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1/60 வினாடியில் எடுத்துவிட்டுப் பழியை ஃபோகஸ்மேல் போடுவோம். படத்தில் வேறு ஏதாவது ஓர் இடம், முன்னால் உள்ள நூலோ பின்னால் உள்ள தட்டோ, துல்லியமாக இருந்தால் தவறு ஃபோகஸுடையது. எங்குமே துல்லியம் இல்லை என்றால் கை ஆடியிருக்கிறது.

தேங்காய் எங்கே உடையும்?

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. வழியெல்லாம் மலைபோல் குவித்த தேங்காய்கள், நம்மவரும் சீனரும் மாறி மாறி உடைப்பார்கள். இங்கேதான் மேனுவல் ஃபோகஸின் பெரிய தவறு முழுசாக வெளிப்படும்: துரத்துவது. உடைப்பவரின் கையைத் துரத்தி, பறக்கும் காயைத் துரத்தி, சிதறும் ஓட்டைத் துரத்தி, கடைசியில் ஈரமான தார்ச்சாலையின் படம் மட்டும் கிடைக்கும்.

தேங்காய் எங்கே உடையும் என்பது முதல் காயிலேயே தெரிந்துவிடும். ஒருவர் எறியும் இடம் அதிகம் மாறாது. சாலையில் ஈரமும் ஓடும் சேர்ந்த ஒரு திட்டு உருவாகும். அந்தத் திட்டில் ஃபோகஸ் வைத்துவிட்டு வளையத்திலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். 50 மி.மீ., ஐந்து மீட்டர், எஃப் 5.6 என்றால் ஏறக்குறைய 3.7 மீட்டரிலிருந்து 7.5 மீட்டர்வரை கூர்மை கிடைக்கும். இருட்டில் எஃப் 2.8-க்குத் திறந்தாலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. இனி வியூஃபைண்டரில் காயைப் பார்க்க வேண்டாம். எறிபவரின் தோளைப் பாருங்கள். கை மேலே போய் ஒரு கணம் நிற்கும். அப்போது விரல் தயாராக இருக்க வேண்டும். தேங்காய்த் தண்ணீர் முன்கண்ணாடியில் தெறித்தால் படம் முழுக்க மங்கும், அதையும் ஃபோகஸ் என்று நினைத்து நான் இருபது படம் வீணாக்கியிருக்கிறேன். ஒரு பருத்தித் துணி சட்டைப்பையில் இருக்கட்டும்.

காவடி எடுத்து வருபவரையும் துரத்தாதீர்கள். மூன்று மீட்டரில் வளையத்தை வைத்துவிட்டு, அவர் அந்த இடத்துக்கு நடந்து வரட்டும் என்று காத்திருங்கள். முழுக் கூர்மைக்குச் சற்று முன்பே அழுத்த வேண்டும். விரல் அழுத்துவதற்குள் அவர் அரை அடி வந்துவிடுவார்.

நெரிசலில் 35 மி.மீ., எஃப் 8, மூன்று மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர்வரை எல்லாம் கைக்குள். இதற்குத் தூரம் மதிப்பிடத் தெரிய வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஏறக்குறைய நம் உயரம். மூன்று மீட்டர் என்பது அதில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. லென்ஸில் அடி எண்ணும் மீட்டர் எண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும்; அவசரத்தில் பத்து அடிக்குப் பதில் பத்து மீட்டரில் வைத்தவன் நான்.

அந்த எண்களையும் அப்படியே நம்ப முடியாது. அடாப்டர்கள் பலவற்றைத் தேவையைவிட ஒரு மயிரிழை மெலிதாகவே செய்கிறார்கள், முடிவிலி கட்டாயம் எட்ட வேண்டும் என்பதற்காக. அதனால் வளையம் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். பினாங்கு மலை உச்சியில், இரவில் ஜார்ஜ்டவுன் விளக்குகளை எடுக்க வளையத்தைக் கோடிவரை திருகினால் விளக்கெல்லாம் பணியாரமாக வரும். ஒரு விளக்கைப் பெரிதாக்கி, புள்ளி ஆகச் சின்னதாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

பழக்கத்துக்கு நான் செய்வது மாமாக் கடையில்தான் (இந்திய முஸ்லிம் உணவுக்கடையில்). மேசையில் உள்ள கிளாஸைப் பார்த்து, தூரத்தை மனத்துக்குள் சொல்லி, கேமராவைத் தூக்கும் முன்பே வளையத்தை அங்கே வைப்பது. பிறகு கண்ணில் வைத்து எவ்வளவு தப்பு என்று பார்ப்பது. ஒரு தடவை உட்கார்ந்தால் பத்து முறை. மூன்று வாரத்தில் ஒன்றரை மீட்டரும் இரண்டு மீட்டரும் பிடிபட்டுவிட்டன. நாலு மீட்டருக்கு அப்பால் இன்னும் தப்புகிறேன். அங்கே எஃப் 8 காப்பாற்றுகிறது.

போன வாரம் அக்கா கடைக்குப் போனேன். எஃப் 4, நீலப் பீக்கிங், நாலே படம். திரையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, நகத்துல மஞ்சள் ஒட்டியிருக்கே, முன்னமே சொல்லியிருந்தா கை கழுவிட்டு வந்திருப்பேன்ல?"