போறணை சூடு பிழைத்தால் முதலில் தெர்மோஸ்ரற்றைக் கழற்றாதீர்கள்

மின்போறணை ஒழுங்காய்ச் சூடேறாவிட்டால் யாழ்ப்பாணத்தில் முதல் பழி சூட்டை அளவாய் வைத்திருக்கும் தெர்மோஸ்ரற்றுக்குத்தான். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மருமகளின் பிறந்தநாளுக்கு வைத்த பட்டர் கேக் மேலே நன்றாய்ச் சிவந்திருந்தது. வெட்டினால் அடியில் பச்சை மா. ரவுணுக்குப் போய்ப் புது தெர்மோஸ்ரற் வாங்கிப் பூட்டினேன். அடுத்த கேக்கும் அதே கோலம். பிறகுதான் ரோச் அடித்துக் கீழ் எலிமென்றை, அதாவது சூடேற்றும் கம்பியைப் பார்த்தேன்: வளைவில் மிளகளவு கொப்புளம், அதில் மயிரிழை வெடிப்பு. கீழ்க்கம்பி செத்துக் கிடக்க, மேற்கம்பி தனியே சூட்டைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாவிட்டால் எலிமென்றைப் பாருங்கள். முழுவதுமே கூடினால் அல்லது குறைந்தால்தான் தெர்மோஸ்ரற்றில் சந்தேகப்படலாம்.

அதையும் அளந்த பிறகு சந்தேகப்படுங்கள். போறணை வெப்பமானி இல்லாவிட்டால் சீனி போதும். அது உருகுவது ஏறக்குறைய 186 பாகையில். ஒரு கரண்டி சீனியை 175 பாகையில் கால் மணித்தியாலம் வைத்தால் உருகக்கூடாது, 190இல் உருகவேண்டும். கம்பி எரிந்து அணைந்துதான் சூட்டைப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் ஏறி இறங்குவது பிழையில்லை.

பின்னேரத்தில் மட்டும் கேக் பிந்துகிறதா? அப்படியென்றால் போறணையைத் திட்டாமல் கறண்டைப் பாருங்கள். 230 வோல்ற்றுக்குச் செய்த கம்பிக்கு 200தான் வந்தால் சூட்டில் கால்வாசி போய்விடும். தட்டில் எண்ணெய் வழியாமல் இருக்க அடியில் ஈயத்தாள் விரிப்பதும் கீழ்ச்சூட்டை மறிக்கும்.

கழற்றத்தான் வேண்டுமென்றால் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கை இழுங்கள். மல்ரிமீற்றரில் மின்தடையை அளக்கும்போது எலிமென்றின் ஒரு வயரையாவது கழற்றாவிட்டால் மற்றக் கம்பியும் சேர்ந்து பொய்க்கணக்குக் காட்டும். 1500 வாற் கம்பியென்றால் 35 ஓம் அளவில் வரவேண்டும். உள்வயர் கருகியிருந்தால் சாதாரண பிளாஸ்ரிக் வயரும் ஈயப்பற்றும் வேண்டாம், இரண்டும் அந்தச் சூட்டுக்கு உருகும். தெர்மோஸ்ரற்றின் மெல்லிய செப்புக்குழாயை நெளிக்கவும் கூடாது. நெளித்தால் நல்லதும் கெட்டுப்போகும்.

கனநாள் பாவிக்காத போறணை மாரியில் ட்ரிப் சுவிச்சைத் தட்டிவிடும். எலிமென்றுக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரம் குடித்திருக்கும். கழற்றிக் காயவைத்து, முனைக்கும் உடம்புக்கும் இடையில் அளந்து பார்க்கலாம். ட்ரிப் ஆகக்கூடாதென்று எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த வீட்டில் நான் போறணைக் கதவைத் தொடவில்லை.