உங்கள் லினக்ஸ் கெர்னலில் வயர்கார்டு இருக்கிறதா? கான்ஃபிக் பார்க்கும் முறை

ஏதாவது ஒரு வசதி ஓடவில்லை என்றதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய (சோர்ஸிலிருந்து புதிதாகக் கட்ட) கிளம்பிவிடாதீர்கள். எந்தெந்த வசதிகளோடு அது கட்டப்பட்டது என்ற விவரம் முழுக்க கான்ஃபிக் என்ற ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருக்கிறது. முதலில் அதைப் படிப்போம். உதாரணத்துக்கு வயர்கார்டு விபிஎன், அதாவது இணையத்தின் வழியே பாதுகாப்பான தனி இணைப்பு தரும் வசதி. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இல்தான் இது கெர்னலுக்குள் சேர்ந்தது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். 'கான்ஃபிக்_' என்று தொடங்கும் பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 1: இப்போது ஓடும் கெர்னல் எது?

யூநேம் -ஆர்

டெபியன் 12-இல் '6.1.0-18-ஏஎம்டி64' போல ஒன்று வரும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அப்டேட் செய்தபின் ரீபூட் செய்யாவிட்டால் பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். பூட் ஃபோல்டரிலோ புதியதன் கான்ஃபிக் கோப்பும் இருக்கும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தால் குழப்பம்தான்.

படி 2: தேடுங்கள்

கிரெப் -டபிள்யூ கான்ஃபிக்_வயர்கார்டு /பூட்/கான்ஃபிக்-$(யூநேம் -ஆர்)

'-டபிள்யூ' போட்டால் அந்தப் பெயர் மட்டும் வரும். இல்லையென்றால் 'கான்ஃபிக்_வயர்கார்டு_டீபக்' வரியும் கூடவே வந்து நிற்கும்.

ஆர்ச் லினக்ஸில் இந்தக் கோப்பு பூட்டில் இருக்காது. அங்கே 'இசட்கிரெப்' கட்டளையால் /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் கோப்பில் தேடுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் அதுவும் காணோம் என்றால், 'சூடோ மாட்ப்ரோப் கான்ஃபிக்ஸ்' கொடுத்துவிட்டு அதே கோப்பைப் பாருங்கள்.

படி 3: விடையைப் படியுங்கள்

'=ஒய்' என்றால் வசதி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. '=எம்' என்றால் தனி மாட்யூலாக (கெர்னலோடு பிறகு சேர்க்கக்கூடிய தனிக் கோப்பாக) இருக்கிறது, தேவைப்படும்போது ஏறும். 'இஸ் நாட் செட்' என்றால் அணைத்து வைத்திருக்கிறார்கள். வரியே இல்லையா? அந்தப் பதிப்புக்கு அந்த வசதி தெரியாது, அல்லது அது சார்ந்திருக்கும் வேறொரு வசதி அணைந்திருக்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது '=எம்' வந்தால்தான். 'எல்எஸ்மாட் | கிரெப் வயர்கார்டு' போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் வராது, உடனே வசதி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். எல்எஸ்மாட் காட்டுவது ஏற்கெனவே ஏறிய மாட்யூல்களை மட்டும். நாமே ஏற்றிப் பார்க்கலாம்:

சூடோ மாட்ப்ரோப் வயர்கார்டு

எந்தச் செய்தியும் வராவிட்டால் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எல்எஸ்மாட் போட்டால் பெயர் தெரியும். மாட்யூல் இல்லை என்று பிழை வந்தால், சமீபத்தில் அப்டேட் செய்தீர்களா என்று யோசித்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். '=ஒய்' ஆக இருந்தால் எல்எஸ்மாட்டில் ஒருபோதும் வராது; அது பிழையல்ல.

ஒன்று மட்டும்: பூட்டில் உள்ள அந்தக் கோப்பைத் திருத்தி '=ஒய்' என்று மாற்றினால் எதுவும் நடக்காது. அது கட்டும்போது எடுத்த பதிவு, அவ்வளவுதான். உண்மையிலேயே மாற்ற வேண்டுமென்றால் கெர்னல் சோர்ஸில் 'மேக் மெனுகான்ஃபிக்' திறந்து, '/' அழுத்தி, பெயரைத் தேடுங்கள். அது எதைச் சார்ந்திருக்கிறது, மெனுவில் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் அங்கேயே காட்டும்.