ஹால், டி.எம்.ஆர். என்று பெயரை மட்டும் பார்த்து ஜாய்ஸ்டிக் மாற்றாதீர்கள்

காட்பாடி ஹாஸ்டலோ, சத்துவாச்சாரி வீடோ, வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றிரண்டு வருஷம் ஓடினால் அதன் ஜாய்ஸ்டிக்கில் டிரிஃப்ட் வந்துவிடுகிறது. குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் ஒரு பக்கமாக நடக்கிறான். "ஹால் ஸ்டிக் போட்டுடு, ஆயுசுக்கும் தொல்லை இல்ல" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு.

பழைய வகையில் பொட்டன்ஷியோமீட்டர் (குச்சி நகர்வதை மின்தடையால் அளக்கும் பாகம்) இருக்கும். கரித்தடம் ஒன்றின்மேல் மெல்லிய உலோக விரல்கள் உரசிக்கொண்டே போகும். உரச உரசத் தேயும். ஹால் வகையில் காந்தம் திரும்புகிறது, எதிரே உள்ள சென்சார் அதன் புலத்தைத் தொடாமலே அளக்கிறது. தேய்மானம் அங்கே மட்டும்தான் ஒழிகிறது. குச்சியை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் அச்சும் எல்லா வகையிலும் ஒன்றுதான். ஸ்பிரிங் தளர்ந்தால் ஹால் ஸ்டிக்கும் நடுவில் நிற்காது. குச்சியையே உள்ளே அழுத்தினால் வேலை செய்யும் எல்3 பொத்தானும் சாதாரண சுவிட்ச்தான், அதுவும் தேயும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1998-இல் வந்த செகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே ஹால் இருந்தது.

அடுத்தது, கரண்ட் செலவைப் பார்க்காமல் வாங்குவது. 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் 1.8 வோல்ட்டில் ஓர் அச்சுக்கு (இடம்-வலம், மேல்-கீழ் என ஒரு ஸ்டிக்குக்கு இரண்டு திசை அச்சுகள்) 0.18 மில்லி ஆம்பியர் எடுக்கும். நான்கு அச்சுக்கும் சேர்த்தாலும் 0.72தான். சாதாரண ஹால் சென்சார் இதைவிடப் பல மடங்கு எடுக்கும், வயர்லெஸ்ஸில் பேட்டரி நேரம் குறையும். டி.எம்.ஆர். (டனல் மேக்னடோ ரெசிஸ்டன்ஸ்) என்ற இன்னொரு வகையும் காந்தம்தான், ஆனால் மின்தடை மாறுவதை வைத்து அளப்பதால் மிகக் குறைந்த கரண்ட் போதும். வயர்லெஸ் என்றால் கூடுதல் விலை கொடுத்து டி.எம்.ஆர். வாங்கலாம், ஒயரில் ஆடுகிறவருக்கு ஹாலே போதும். பிஎஸ்5 கன்ட்ரோலர் ஸ்டிக்குக்கு 1.8 வோல்ட்தான் கொடுக்கிறது. 3.3 வோல்ட்டுக்கென்று செய்த மாட்யூலை (குச்சி, சென்சார், சட்டம் எல்லாம் சேர்ந்த முழு ஸ்டிக் பாகம்) அதில் போட்டால் குச்சியை முழுக்கத் தள்ளினாலும் அளவு முழுதாக வராது.

எது கெட்டது என்று பார்க்காமலே மாற்றுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மாட்யூலின் பக்கவாட்டு மூடியை மெல்ல நெம்பி எடுங்கள். உள்ளே கருப்பு வளைவில், நடுப்பகுதியில் மட்டும் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தால் கரித்தடம் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். தடம் சீராக இருந்து தூசி மட்டும் இருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டுத் துடைத்தாலே சரியாகலாம். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம், கோடையில் ஜன்னல் வழியே வரும் வேலூர்ப் புழுதியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாட்யூலைப் பிடுங்கும்போதுதான் போர்டே போகிறது. ஒரு ஸ்டிக்குக்கு 14 சால்டர் இணைப்புகள்: சென்சாருக்கு 6, சுவிட்சுக்கு 4, உலோகச் சட்டத்தின் கால்கள் 4. சட்டக் கால்கள் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் இளகாத நிலையில் இழுத்தால் துளையின் செம்பு வளையமே கழன்று வரும். முதலில் எல்லா இணைப்பிலும் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவிப் புது ஈயம் ஏற்றுங்கள். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவையைச் சேர்த்தால் 14 காலும் ஒன்றாக இளகி மாட்யூல் தானாக வரும். புதியதை வைக்கும் முன் அந்தக் கலவையை விக்கால் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) சுத்தமாக எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் இணைப்பு நொறுங்கும்.

அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த கன்ட்ரோலரை எடுத்தவுடன் அளவிடாதீர்கள். ஹால், டி.எம்.ஆர். ஸ்டிக்கில் இருக்கும் நியோடிமியம் காந்தத்தின் வலு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் குறைகிறது. 20 டிகிரி கூடினால் குச்சியை விளிம்புவரை தள்ளும்போது 2 சதவீத அளவு போய்விடும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

மாற்றிய பிறகு காலிபிரேட் செய்யாமல் (நடுவும் விளிம்பும் எது என்று கன்ட்ரோலருக்குப் பதிவு செய்யாமல்), டெட்ஸோனை, அதாவது நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை, கூட்டி டிரிஃப்டை மறைப்பது பலர் செய்வது. அப்படிச் செய்தால் குறி பார்க்கும்போது சின்ன அசைவுகள் எதுவும் பதிவாகாது. டெட்ஸோனைப் பூஜ்ஜியமாக்கி, குச்சியை நான்கு திசையிலும் தள்ளிக் கையை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். வேறு வேறு இடத்தில் நின்றால் அது ஸ்பிரிங் கோளாறு, காலிபிரேஷன் தீர்க்காது. ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டுத் தள்ளி நின்றால் காலிபிரேஷன் போதும். பிஎஸ்5 கன்ட்ரோலரில் முதலில் தற்காலிகமாகச் சேமித்து ஒரு நாள் ஆடிப் பார்த்துவிட்டு, பிறகு நிரந்தரமாகச் சேமியுங்கள்.